தார் ஜீப்பின் தரைக்குப் பூச்சு தேடிய கதை

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றிலேயே பத்து ஆண்டுகள் நின்ற என் பழைய மஹிந்திரா தாரின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்றிருந்தது. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் பற்றவைத்த பிறகு, ஈரத்தைப் பிடித்துவைக்கும் விரிப்பை மீண்டும் போடாமல், தரை முழுவதற்கும் தெளிப்புப் பூச்சு அடிப்பது என்று முடிவு செய்தேன்.

எந்தப் பூச்சு என்பதில் ஒரு கோடை கழிந்தது. பட்டறையில் கிடந்த பழைய பானெட்டை மூன்றாக வெட்டி, ஒன்றில் ரப்பர் துகள் கலந்த, ரோலரால் பூசும் பூச்சையும், இன்னொன்றில் ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் சேர்த்துத் தெளிக்கும் யூரித்தேன் பூச்சையும் நானே பூசினேன். மூன்றாவதில், கட்டட நீர்க்காப்பு வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு, இரண்டு திரவங்கள் கலந்ததும் இறுகும் பாலியூரியா என்ற பூச்சை அடித்து, மூன்றையும் மொட்டைமாடி வெயிலில் போட்டுவைத்தேன். ரோலர் பூச்சு ஸ்க்ரூடிரைவரால் கீறியதும் துகள் துகளாக உதிர்ந்தது. பாலியூரியாவோ, சுத்தியலால் அடித்துத் தகரம் நெளிந்தபோதும் கிழியவில்லை. கறுப்பு மட்டும் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

வலிமையை மட்டும் பார்த்தால் பாலியூரியாவைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு திரவங்களையும் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலக்கும் இயந்திரம் அதற்குத் தேவை. சில நொடிகளில் இறுகிவிடுவதால் தடிமனாக ஏறி, இருக்கை போல்ட்டுகளின் தலையையும் வடிகால் துளைகளையும் மூடிவிடும். பிற்பாடு ஒரு போல்ட்டைக் கழற்றப் பூச்சை அறுத்தால், அந்தச் சிறு காயத்துக்காக இயந்திரம் வராது. ஆகவே யூரித்தேனையே எடுத்தேன்.

நான் வாங்கிய ராப்டர் என்ற யூரித்தேன் பூச்சுப் பெட்டியில் 750 மி.லி. பூச்சு நிரம்பிய 4 பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 250 மி.லி. ஹார்ட்னர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பாட்டிலையே துப்பாக்கியில் திருகி அடிக்க வேண்டும். தெளிப்பது அரை நாள் வேலைதான்; அதற்கு முன் உப்புத்தாள் தேய்த்து, வெற்றுத் தகரத்துக்கு எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் மாஸ்கிங் டேப் சுற்றியதில் நான்கு நாள் போயிற்று. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா வரை கொண்டுபோகக்கூடியது. பட்டறைப் பையன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தகுந்த முகக்கவசத்துடன் நானே அடித்தேன்.

ஒரு மழைக்காலம் கழிந்து, பின்கதவு விளிம்பில் மட்டும் விரலகலம் உரிந்தது. களைப்பில் நான் சரியாகத் தேய்க்காமல் விட்ட இடம் அது. மறுபடி உப்புத்தாள் தேய்த்து, மிச்சமிருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து, மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, தூரிகையால் தொட்டுவைத்தேன். மறுநாள் காலை வண்டியை எடுத்துவிட்டேன்.