மேற்குப் பக்கம் கண்ணாடி வைப்பதற்கு முன் ஒரு கணக்கு

வேலூர் காட்பாடி ரோட்டில் புதிதாக எழும்பும் காம்ப்ளெக்ஸ்கள் பலவற்றுக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. கேட்டால், 'வெளிச்சம் தானா வரும், கரண்ட் மிச்சம்' என்கிறார்கள். பழைய டியூப் லைட் காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. எல்இடி வந்தபின் கணக்கே வேறு.

மேற்கு பார்த்து 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், ஆக 10 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி என்று வையுங்கள். ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வெயில் விழுந்தால், 5 கிலோவாட் சூடு உள்ளே வரும். ஒன்றரை டன் ஏசி ஒன்று அதற்கே சரி. கரண்ட் 1,600 வாட். ஜன்னல் வெளிச்சம் எட்டுவது 4 மீட்டர் ஆழம், அதாவது 20 சதுர மீட்டர். அங்கே விளக்கை அணைத்தால் மிச்சம் 160 வாட். விளக்குச் சூட்டுக்கான ஏசி செலவைச் சேர்த்தாலும் சுமார் 210 வாட்தான்.

ஆகவே மேற்கில் மாடிப்படி, லிப்ட், டாய்லெட், ஸ்டோர் ரூம் வையுங்கள். சன்ஷேடு போட்டும் தப்ப முடியாது: தாழ்ந்து வரும் நாலு மணி வெயில் எந்த சன்ஷேடுக்கும் அடியில் புகுந்துவிடும்.

தெற்கு சுலபம். டிசம்பர் நண்பகலிலும் வேலூரில் சூரியன் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். 4 அடி உயரக் கண்ணாடிக்கு 3 அடி சன்ஷேடு போதும். வடக்கில்தான் ஏமாறுகிறார்கள். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை இங்கே நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். 15 டிகிரி அட்சரேகைக்குக் கீழே வடக்குக் கண்ணாடிக்கும் எஸ்ஹெச்ஜிசி (விழும் வெயில் சூட்டில் உள்ளே வரும் பங்கு) 0.27-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதியான இசிபிசி 2017 சொன்னது சும்மா இல்லை. மேலே 9 அங்குல சன்ஷேடு, 3 அடிக்கு ஒன்றாக ஒன்றரை அடி வெளியே நீளும் நெட்டுத் தகடு வைத்தால் வெயில் நின்றுவிடும், வெளிச்சம் வரும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது வீண்: சூட்டைவிட வெளிச்சத்தைத்தான் அதிகம் தின்னும். உள்ளே தொங்கும் பிளைண்ட்ஸும் கண்கூச்சத்துக்குத்தான் உதவும், சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டியிருக்கும்.

இத்தனையும் செய்து வயரிங்கில் கோட்டை விடுவார்கள். விளக்கு வரிசைகள் ஜன்னலுக்கு இணையாக ஓட வேண்டும், வரிசைக்கு ஒரு ஸ்விட்ச். ஜன்னலிலிருந்து உள்ளே போகிற மாதிரி இழுத்தால் ஓரத்தை மட்டும் அணைக்கவே முடியாது. வெளிச்சத்தை அளந்து விளக்கை மங்கவைக்கும் சென்சார் வைத்தால் மேசையைப் பார்த்து வையுங்கள். ஜன்னலைப் பார்த்தால் உள்வரிசையும் சேர்ந்து மங்கும். ஸ்டாஃப் அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள்.