நாலு பேர் உட்காரும் மேசை

ஜூன் 14, சனி

விடிகாலையிலிருந்தே மழை. மும்பை மெட்ரோ சினிமாவுக்கு எதிரே இருக்கும் கயானிக்குள் ஓடி ஒதுங்கினேன். 1904இல் தொடங்கிய இரானி ஓட்டல். மூன்று பேர் இருந்த மேசையில் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன். யாரும் நிமிரவில்லை. ஒருவர் மட்டும் தன் ஈரக்குடையை என் காலடியிலிருந்து நகர்த்தி வைத்தார். வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் முக்கினால் வெண்ணெய் உருகி, சின்னச் சின்ன மஞ்சள் வட்டங்களாக மிதக்கும். கடைசி மடக்கில் லேசாக உப்புக் கரிக்கும். அதற்காகவே நான் டம்ளரைக் காலி செய்வேன்.

மும்பைக்கு வந்த புதிதில் எனக்குத் தைரியம் கொடுத்தவை இந்த மேசைகள்தான். எதிரே யார் வந்து உட்காருவார் என்று நாம் முடிவு செய்ய முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா. இதுவும் இரானி ஓட்டல்தான். 1923இலிருந்து நடக்கிறது. பெர்ரி புலாவின் மேல் தூவியிருக்கும் சிவப்புப் பழம் இரானிலிருந்து வருவது, நல்ல புளிப்பு. இரானின் யஸ்த், கெர்மான் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜொராஸ்திரியர்கள், அதாவது பார்சிகளின் மதத்தைச் சேர்ந்தவர்கள், ஆரம்பித்த கடைகள் இவை. ராசியில்லை என்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கிய தெருமுனைக் கடைகளை இவர்கள் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். மூடிய இரானிக் கடைகளை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஜூன் 21, சனி

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், மாடியில் இருக்கும் ராமா நாயக் உடுப்பி போர்டிங்குக்கு அழைத்துப்போனேன். 1942இல் ஆரம்பித்தது. ஸ்டெனோ வேலைக்கு வந்த காலத்தில், மாசக் கடைசியிலும் அப்பா வயிறாரச் சாப்பிட்ட இடம். கூப்பன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தோம்.

இலை போட்டதும் அப்பா தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் துடைத்தார். வீட்டில் அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ரசத்துக்கு சாதத்தில் குழி பண்ணி, விரல் நுனியால் கரை கட்டினார். வழியவே இல்லை. "அப்போ என் பக்கத்தில் எப்பவும் ஒரு மங்களூர்க்காரர் உட்காருவார். பேர் கேட்டதே இல்லை. எனக்கு ரெண்டாவது தடவை ரசம் வேணும்னு அவர்தான் கையைக் காட்டுவார்" என்றார். அப்புறம் பேசவில்லை. மூன்று முறை ரசம் வாங்கினார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் கிங்ஸ் சர்க்கிள், கஃபே மெட்ராஸ். 1940இலிருந்து இருக்கிறது. வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நின்றோம். ஒரு வயதான குஜராத்தித் தம்பதியோடு மேசை கிடைத்தது. அந்த அம்மா ரசவடையைக் காட்டி ஹிந்தியில் அப்பாவிடம், "இதை எப்படிச் சாப்பிடணும்?" என்றார். அப்பா தன் மறந்துபோன பம்பாய் ஹிந்தியில், "கொஞ்ச நேரம் ஊறட்டும், பென்" என்று, குஜராத்திகள் சகோதரியைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லிவிட்டு, ஸ்பூனால் வடையை இரண்டாகப் பிட்டுக் காட்டினார்.