குரங்கு மட்டும் காரணமில்லை

2025 பெப்ரவரி 9, முழு இலங்கைக்கும் கரண்ட் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார் அமைச்சர். நாங்களும் மீம்ஸ் போட்டுச் சிரித்து முடித்துவிட்டோம்.

ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. பாவனை குறைவு, கூரைகளில் இருந்து வரும் சோலர் மின்சாரமோ அதிகம். மின்நிலையங்களில் சுழலுகிற பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடும் நேரத்தில் சின்ன அடி விழுந்தாலும், மின்சாரம் சீராக ஓடுவதைக் காட்டும் அதிர்வெண் சட்டென்று சரியும்; கரண்டும் நிற்கும். அந்த ஏப்ரலில், சித்திரை வருட நாட்களில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்க மின்சார சபை சொன்னதும் இந்தப் பயத்தில்தான். கொளுத்துற வெயிலில் சோலரை நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

பழி சோலருக்கில்லை. பகல் மின்சாரத்தைப் பற்றரியில் சேர்த்து இரவுக்குக் கொடுக்க வழி வேணும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான இந்திய உதவித் திட்டத்தில் காற்று, சூரியன், பற்றரி மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

அடுத்தமுறை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்டால், யூனிற் விலையோடு இதையும் கேளுங்கோ: மாரிப் புயலில் கிளிநொச்சி வழியாக வரும் லைன் விழுந்தால், சுன்னாகம் மின்நிலையத்து இயந்திரங்களை மட்டும் வைத்து யாழ்ப்பாணம் எத்தனை மணித்தியாலம் தாங்கும்?