வாருக்குள் வார்: மேவன் ஓவர்லேயில் கவனிக்க வேண்டியவை

கொழும்பில் வங்கி, காப்புறுதி நிறுவனங்களுக்காக ஜாவாவில் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிய அமைப்பு இது. பொதுவான வெப் புரொஜெக்ட் ஒன்று, அதன்மேல் வாடிக்கையாளருக்கென்று இன்னொன்று, இரண்டுமே வார், அதாவது ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷனை முழுதாக அடைத்த ஃபைல். இரண்டாவதின் போம் ஃபைலில் (பில்ட் கருவியான மேவன் படிக்கும் ஃபைல்) முதலாவதை ‘வார்’ டைப்பில் டிபென்டன்சியாக, அதாவது தேவைப்படும் பாகமாகப் போட்டால், மேவனின் வார் பிளகின் அதை விரித்து, நம் ஃபைல்களோடு சேர்த்து ஒரே வாராகக் கட்டித் தரும். இதுதான் ஓவர்லே.

பக்கங்கள், படங்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். ஜாவா கிளாஸ்கள்தான் கம்பைலில் இடறும், ஏனென்றால் வார் டிபென்டன்சி கிளாஸ்பாத்தில், அதாவது கம்பைலர் கிளாஸ்களைத் தேடும் இடங்களில் ஏறாது. முதலாவதின் போமில், வார் பிளகினின் ‘அட்டாச்கிளாசஸ்’ என்பதை ட்ரூ ஆக்கினால் கிளாஸ்கள் தனி ஜாராகவும் (கிளாஸ்களை அடைத்த ஃபைல்) கிடைக்கும். ஆனாலும் என்னைக் கேட்டால், பொதுவான கோடை முதலிலேயே தனி ஜார் மொடியூலுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு வாரும் அதையே எடுக்கட்டும்.

பெரிய தலையிடி வெப்-இன்ஃப்/லிப் ஃபோல்டரில் இருக்கிறது. வாருக்குள் இருக்கும் ஜார்கள் மேவனின் கண்ணுக்குத் தெரியாது. டிபென்டன்சிகளைப் பட்டியலிடும் ‘டிபென்டன்சி:ட்ரீ’ ஓட்டினாலும் வாரின் பெயர் மட்டுமே வரும். ஆகவே ஓவர்லேயிலிருந்து ஜாக்சன் என்ற ஜேசன் லைப்ரரியின் 2.13.4, நம் போமிலிருந்து 2.15.2 என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். லிப் ஜார்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்கு, வாரை ஓட்டும் சர்வரான டொம்கட் உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் மெஷினில் ஓடுவது சர்வரில் ‘நோசச்மெத்தட்எரர்’ (கூப்பிட்ட மெத்தட் இல்லை என்ற பிழை) என்று விழுவது இதனால்தான். ஓவர்லேயின் எக்ஸ்குளூடில் ‘வெப்-இன்ஃப்/லிப்/*.ஜார்’ என்று எழுதி, தேவையான ஜார்கள் எல்லாம் ஜார் மொடியூல் வழியாக மட்டும் வரச் செய்யுங்கள். அதன்பின் கிளீன் கொடுத்துக் கட்டுங்கள், பில்ட் வெளியீடு போகும் டார்கெட் ஃபோல்டரில் முன்பு விரித்தவை கிடக்கலாம். கட்டிய வாரைத் திறந்து லிப்பை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

மும்மொழி சிஸ்டங்களில் இன்னொன்றும் நடக்கும். ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் நம் புரொஜெக்டின் ஃபைலே நிற்கும், அதுவும் முழு ஃபைலாக. வரிக்கு வரி சேர்க்கப்படாது. வாடிக்கையாளர் கேட்ட இரண்டு சொற்களை மட்டும் போட்டு ‘மெசேஜஸ்_டிஏ.புரொப்பர்ட்டீஸ்’ என்ற தமிழ்ச் சொற்களுக்கான ஃபைலை வைத்தால், பொதுப் புரொஜெக்டின் தமிழ் ஃபைல் வாருக்குள் வராது. மிச்சக் கீகள் (ஒவ்வொரு சொல்லையும் தேடும் பெயர்கள்) எல்லாம் டிஃபோல்ட் ஃபைலுக்கு விழும், தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் முளைக்கும். பில்ட் எந்த எரரும் காட்டாததால், தமிழில் பார்க்கிறவர் சொன்னால்தான் தெரியவரும்.

வாடிக்கையாளரின் ஃபைலுக்கு வேறு பெயர் வையுங்கள். ஸ்பிரிங் ஃபிரேம்வர்க் என்றால், இந்தச் சொற்களைத் தேடித் தரும் மெசேஜ்சோர்ஸின் பேஸ்நேம்ஸ் பட்டியலில் அதை முதலிலும் பொதுவானதைப் பின்னாலும் போடுங்கள். வாடிக்கையாளரின் டிஃபோல்ட் ஃபைலில் ஒரு கீ இருந்தால் சிங்களத்திலும் தமிழிலும் அதே கீ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுவான தமிழுக்குப் போகாமல் அங்கேயே ஆங்கிலத்தை எடுத்துவிடும்.