சகரியா வீட்டுக்குப் போனான்

எங்கள் சபையில் 19 ஆண்டுகளாகத் திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கியவள் நான். மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின மாலை, வெள்ளிக் கிண்ணத்தைப் பல்பொடி போட்டுத் தேய்த்து, பீடத்துணியை இஸ்திரி போட்டு விரித்துவிட்டு வருவேன். அலமாரிச் சாவி என் கைப்பையிலேயே இருக்கும். யாராவது உதவிக்கு வந்தால், "நீ போம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிடுவேன்.

போன ஆண்டு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் படுக்கை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று காலையில் எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா தொலைபேசியில் அழைத்து, அந்தக் காலத்துக்குரிய ஊதாத் துணி எங்கே என்று கேட்டார்கள். என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்கிற மகிழ்ச்சி.

அதே படுக்கையில்தான் வேதாகமத்தில் முதலாம் நாளாகமம் 24ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தேன். வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் எல்லாரும் தாண்டிப்போகிற அதிகாரம். ஆலய ஊழியத்தை முறைபோட்டுச் செய்ய, ஆசாரியர்களான ஆரோனின் வம்சத்தை 24 வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்: ஆரோனின் மகன் எலெயாசாரின் சந்ததியில் 16, இன்னொரு மகன் இத்தாமாரின் சந்ததியில் 8. யாருக்கு எந்த முறை என்பதைத் தாவீது ராஜா தீர்மானிக்கவில்லை, ஆசாரியன் சாதோக்கும் தீர்மானிக்கவில்லை. சீட்டுப் போட்டார்கள். முதல் சீட்டு யோயாரீபுக்கு, எட்டாவது அபியாவுக்கு. அடுத்த அதிகாரத்தில் பாடகர்கள் 288 பேருக்கும் இப்படியே சீட்டு. ஆசான், மாணாக்கன் என்ற வித்தியாசம்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வகுப்பு ஓய்வுநாளன்று உள்ளே வரும், முந்தின வகுப்பு வெளியே போகும். பண்டிகைகளை விட்டுவிட்டால், ஒரு ஆசாரியனுக்கு ஆண்டில் ஏறக்குறைய இரண்டே வாரங்கள். மற்ற நாட்களில் அவன் தன் ஊரில், தன் குடும்பத்தோடு இருந்தான்.

சீட்டு எதற்கு என்பதற்கு மிஷ்னா என்ற யூதருடைய பழைய சட்டத் தொகுப்பு ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. ஒரு காலத்தில், பலிபீடத்துச் சாம்பலை அள்ள விரும்பியவர்கள் சாய்தளத்தில் ஓடி ஏறுவார்களாம். முந்துகிறவனுக்கு அந்த வேலை. ஒரு நாள் இருவர் சமமாக ஓடியபோது ஒருவன் மற்றவனைத் தள்ள, அவன் கால் முறிந்தது. அதன் பிறகுதான் அந்த வேலைக்கும் சீட்டு வந்தது. சாம்பல் அள்ளுகிற வேலைக்குப் போட்டி! நான் யாரையும் தள்ளியதில்லை. ஆனால் 19 ஆண்டுகளாக எவரையும் சாய்தளத்தில் கால்வைக்கவும் விடவில்லை.

தூபங்காட்டுவதற்கோ, அதுவரை அந்தப் பாக்கியம் கிடைக்காதவர்கள் மட்டும்தான் சீட்டுக்கு வரலாம் என்றும் மிஷ்னா சொல்கிறது. அப்படியானால் அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியா, யோவான் ஸ்நானகனின் தகப்பன், வயது சென்றவன், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தூபகலசத்தோடு உள்ளே போயிருக்க வேண்டும். அங்கே தேவதூதனைக் கண்டான், பேச்சை இழந்தான். ஆனாலும் முறை முடியும்வரை இருந்தான். ஊழியத்தின் நாட்கள் நிறைவேறினதும் தன் வீட்டுக்குப் போனான் என்று லூக்கா எழுதுகிறார். எத்தனையோ தடவை வாசித்த வசனம், அன்று என்னை அழவைத்தது. அவ்வளவு பெரிய தரிசனம் கண்டவனே அடுத்த வகுப்புக்கு இடத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தையும் தேடிப் படித்தேன். ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்கிற லேவி கோத்திரத்தான் 50 வயதில் வேலையை விடவேண்டும். ஆனால் சகோதரரோடு காவல் காக்கலாம். எனக்கு 61.

அது பழைய ஏற்பாட்டு முறைமைதானே என்றார் என் கணவர். சரிதான். ஆனால் நாம் எல்லாருமே ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு எழுதியிருக்கும்போது, சாவி ஒருத்தியின் பைக்குள் கிடப்பது இன்னும் பெரிய தப்பு அல்லவா?

எழுந்து நடந்ததும் ஐயரிடம் பேசினேன். என்னையும் சேர்த்து எட்டுப் பெண்களின் பெயர்களை எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். ஜூன் மாதத்துக்கான முதல் சீட்டு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண்ணுக்கு. "பெரியம்மா, துணியை எந்தப் பக்கம் மடிக்கணும்?" என்று கேட்டாள். மடித்துக் காட்டினேன், சாவியைக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை கோயில் பக்கம் போகாமல் வீட்டிலேயே இருந்தேன்.

என் சீட்டு எட்டாவதாக வந்தது, அபியாவுக்கு வந்ததுபோல. ஜனவரியில் என் முறை.