தாத்தா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால்

உயிரோடு இருந்தவரை தாத்தாவுக்கு வெந்நீர்தான். படமாகி ஹாலுக்கு வந்தபின் வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணி. அதோடு சந்தனம், குங்குமம், சொட்டச் சொட்ட ஒரு முழம் மல்லிகை. வழிகிற தண்ணீர் சட்டத்தின் அடிவிளிம்பில் இறங்கி உள்ளே ஊறும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகும், காயும்போது எதிரில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். எதிரில் இருப்பது கண்ணாடி.

நூற்றாண்டுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கலாமென்று சட்டத்தைக் கழற்றும்போதுதான் இது தெரியவரும். இடது கன்னம் வர மறுக்கும். எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார்: "ஒரு ப்ளேடு கொண்டா, நைசா எடுத்துடலாம்." நைசாகத்தான் வரும்; மீசை மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ப்ளேடை வாங்கிக்கொண்டு அவர் கையில் காபியைக் கொடுங்கள்.

பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐ-யில் எடுக்கலாம். பிரிண்டரோடு வரும் ஒல்லி ஸ்கேனர்களுக்குக் கிட்டப்பார்வை: 2 மி.மீ. கண்ணாடி நடுவில் வந்தாலே படம் மங்கும். அப்படியானால் போன்தான். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃப்ளாஷ் கூடாது. ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள். இல்லையென்றால் தாத்தாவின் நெஞ்சில் உங்கள் பனியன் தெரியும்.

இனி சுவரில் நகல் தொங்கட்டும், பொட்டும் பூவும் அதற்கே போகட்டும். அசலையும் மாட்டியே ஆகவேண்டுமென்றால், கண்ணாடியைத் தொடாதபடி சுற்றிலும் 2 மி.மீ. தடிமனுள்ள மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் "லேமினேட் பண்ணிட்டா நூறு வருஷம் நிக்கும்" என்பார். பிளாஸ்டிக் நிற்கும். உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடியாது.

கடிதங்களுக்கு வேறு தலைவிதி. கம்பியில் குத்திவைத்தவற்றில் துளையைச் சுற்றித் துரு. இன்லேண்டில் மடிப்பு கிழிந்த இடமெல்லாம் செலோடேப். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்பாக ஊறி நிற்கும். சுருக்கம் போக இஸ்திரிப் பெட்டி வேண்டாம். பேனா மை கரையும், தண்ணீரும் தெளிக்காதீர்கள். இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவே விரித்து மேலே கனமான புத்தகத்தை வைத்தால் இரண்டு மூன்று நாளில் படியும்.

ராமபாணப் பூச்சி புகுந்திருந்தால் ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். கவர்மேல் பெயர் எழுதுவது அவசியம்; பெரியப்பா பட்டாணிக்குப் பக்கத்தில் இருப்பார்.

படத்தின் பின்னால் பெயர் எழுத பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் முகத்தில் புடைக்கும். 2பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். அத்தை சொல்லும் பெயரைப் பெரியம்மா கட்டாயம் மறுப்பார். இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.