தண்ணீர் எடையில் ஓர் இயந்திரம்

கணினியில் வரைந்த இயந்திரத்தைப் பரிசீலிக்கும் டிசைன் ரிவ்யூவில் முதலில் வந்து விழும் கேள்வி பெரும்பாலும் எடைதான். கிரேன் தூக்குமா, மோட்டார் இழுக்குமா, லாரியில் ஏற்ற எவ்வளவு ஆகும் என்று ஆளாளுக்கு அந்த எண் வேண்டும். வரையும் மென்பொருளில் எடையைக் கணக்கிட்டுக் காட்டும் மாஸ் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் நொடியில் கிடைத்துவிடுகிறது, அதுவும் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு மூன்று இலக்கங்களோடு. அவ்வளவு துல்லியமாகத் தெரிவதாலோ என்னவோ, யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

சாலிட்வொர்க்ஸ் என்னும் வரைவு மென்பொருளில் மெட்டீரியல் கொடுக்காமல் விட்ட பார்ட்டுக்கு, அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோ என்று மென்பொருளே எடுத்துக்கொள்ளும். அதாவது தண்ணீர். இன்வென்டர் என்னும் இன்னொரு மென்பொருளில் 'ஜெனரிக்' என்று நிற்கும் பார்ட்டுக்கும் இதே கணக்குதான். எஃகின் அடர்த்தியோ 7850. ஆகவே மெட்டீரியல் போட மறந்த எஃகுத் தகடு, அதன் நிஜ எடையில் எட்டில் ஒரு பங்கைத்தான் காட்டும். இதில் பெரிய கூட்டம் வெளியிலிருந்து ஸ்டெப் ஃபைலாக (எல்லா மென்பொருளும் திறக்கும் பொது வடிவம்) வரும் பார்ட்கள். வடிவம் பத்திரமாக வந்து சேரும், மெட்டீரியல் பெரும்பாலும் வராது. சாலிட்வொர்க்ஸில் பார்ட்களைப் பட்டியலிட்டுக் காட்டும் அசெம்ப்ளி விஷுவலைசேஷனில் அடர்த்தி வாரியாக வரிசைப்படுத்தினால் 1000 என்று நிற்பவை மொத்தமாக மாட்டும். எடையை யாருக்கும் சொல்வதற்கு முன் இதைச் செய்துவிடுவது என் வழக்கம்.

நிறமும் ஆளை ஏமாற்றும். அப்பியரன்ஸ் என்னும் வெளித்தோற்றம் வேறு, மெட்டீரியல் வேறு. பளபளவென்று அலுமினியம்போல மின்னும் பார்ட், மெட்டீரியல் கட்டத்தில் எஃகாக இருக்கலாம். படம் அழகாக வர வேண்டும் என்று யாரோ நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். பாகங்களின் பட்டியலான பிஓஎம் எடுக்கும்போதுதான் குட்டு உடையும்.

இதெல்லாம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய தவறுகள். மெட்டீரியல்களின் எண்கள் இருக்கும் லைப்ரரிக்குள் ஒளிந்திருப்பவைதான் ஆளைச் சாய்ப்பவை. மென்பொருளோடு வரும் லைப்ரரியைத் திருத்த முடியாது என்பதால், அவரவர் ஒரு நகல் எடுத்துத் தம் கணினியில் மாற்றிக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் 'ஸ்டீல் புதுசு', 'எஸ்எஸ் 304 சரியானது' என்றெல்லாம் பெயர்கள் முளைக்கும். சரியானது என்று பெயரிலேயே எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். பொது சர்வரில் ஒரே லைப்ரரி, திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும் என்று வைத்த பிறகும் வேலை முடியாது. மெட்டீரியலின் விவரங்கள் பார்ட் ஃபைலுக்குள் நகலாக உட்கார்ந்துவிடுகின்றன. லைப்ரரியில் எண்ணைத் திருத்தினாலும், திரும்ப அப்ளை செய்யும்வரை பழைய பார்ட் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அலுமினியம் 6061 இதற்கு நல்ல உதாரணம். டி6 என்னும் கடினமாக்கிய பதத்தில் அதன் யீல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், சுமார் 276 மெகாபாஸ்கல். ஓ என்னும் மென்பதத்தில் சுமார் 55தான். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் விறைப்பைச் சொல்லும் யங்ஸ் மாடுலஸ் இரண்டுக்கும் ஏறக்குறைய 69 கிகாபாஸ்கல்தான், அடர்த்தியும் அதே 2700தான். பதத்தை மாற்றிப் போட்டாலும் எடை மாறாது, வளைவும் மாறாது, சிமுலேஷன் காட்டும் ஸ்ட்ரெஸ் படமும் மாறாது. டெஸ்ட்டில் அளந்த வளைவு சிமுலேஷனோடு அச்சாகப் பொருந்தும். அதை வைத்து மாடல் சரி என்று கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். யீல்டை ஸ்ட்ரெஸ்ஸால் வகுத்து வரும் சேஃப்டி ஃபேக்டர் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். டி6 என்று சரியாகவே போட்டிருந்தாலும், அந்த ஃபிரேமை வெல்டிங் செய்தால் வெல்டை ஒட்டிய பகுதியில் வலிமை ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். லைப்ரரியில் இருக்கும் ஒற்றை எண்ணுக்கு வெல்டிங் நடந்தது எப்படித் தெரியும்? அதனால் எங்கள் லைப்ரரியில் '6061 டி6 வெல்டு அருகே' என்று தனிப் பதிவே வைத்திருக்கிறோம். பார்க்க அழகாக இல்லை, வேலை செய்கிறது.

நைலான் இன்னும் மோசம். டேட்டா ஷீட்டில் பெரும்பாலும் முன்னால் நிற்பது உலர்ந்த நிலை எண். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்த பிறகு விறைப்பு பாதிக்கும் கீழே போகலாம்.

ஆகவே எங்களிடம் ஒரு கறார் விதி: எந்த எண்ணுக்கும் ஆதாரம் வேண்டும். எந்த டேட்டா ஷீட், எந்தப் பதம், எந்த வெப்பநிலை என்பதை மெட்டீரியலின் விளக்கக் கட்டத்தில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், யீல்டு காலியா இருக்கு. சேஃப்டி ஃபேக்டர் வர மாட்டேங்குது. பக்கத்து கிரேடோட எண்ணைப் போட்டுடவா?"

"வேண்டாம்ப்பா. அது வராம நின்னாத்தான் நீ சப்ளையருக்கு மெயில் போடுவ."

முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போனார். உலோகத்தின் சோதனை முடிவுகளைச் சொல்லும் மில் சர்டிஃபிகேட் வந்ததும் எண்ணையும் சான்றிதழ் எண்ணையும் அவரே ஏற்றினார்.